முடியின் நிறமும் இனத்தின் கணக்கும்

1870களில் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு படிவம் தரப்பட்டது. ஒவ்வொரு மாணவரின் முடி, கண், தோல் ஆகிய மூன்றின் நிறத்தையும் நோக்கி அவர்கள் குறிக்க வேண்டும். யூத மாணவர்களைத் தனியே எண்ண வேண்டும். இக்கணக்கெடுப்பை முன்னின்று நடத்தியவர் புகழ்பெற்ற நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்கோ.

இதன் பின்னணியில் இருந்தது ஒரு போர். 1871இல் பிரான்சு தோற்றபின், பிரஷ்யர் உண்மையான ஜெர்மானியரே அல்லர் என்று கத்ரஃபாஜ் என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதினார். அக்கூற்றுக்கு எண்களால் விடை காண விர்கோ முற்பட்டார். 1886இல் முடிவுகள் வெளிவந்தன. ஏறத்தாழ 67 இலட்சம் மாணவர்களுள் பொன்னிற முடி, நீலக் கண், வெண்தோல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தோர் நூற்றுக்கு 32 பேரே. பாதிக்கு மேற்பட்டோர் கலப்புத் தோற்றத்தினர். யூத மாணவருள்ளும் நூற்றுக்கு 11 பேர் பொன்னிறத் தோற்றம் உடையோர். தூய இனம் என்ற கருத்துக்கு வகுப்பறைகள் சான்று பகரவில்லை.

அந்த 32 பேரும் அப்படியே வளர்ந்திருப்பர் எனவும் நாம் கொள்ளலாகாது. முடியின் நிறத்தை அமைப்பவை இரு நிறமிகள்: கருமையும் பழுப்பும் தரும் யூமெலனின், செம்மை தரும் ஃபியோமெலனின். இவற்றின் அளவையும் விகிதத்தையும் மரபணுக்கள் வகுக்கின்றன, வயதும் மாற்றுகிறது. குழந்தைப் பருவத்துப் பொன்னிறம் பலருக்கு வளர வளரப் பழுப்பாகிறது. பின்னர் மயிர்க்காலில் நிறமி தரும் உயிரணுக்கள் குன்ற, நரை தோன்றுகிறது. ஒரே தலையில் நிலைத்து நில்லாத நிறத்தை ஓர் இனத்தின் நிலைத்த முத்திரையாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

ஆயினும் முத்திரையிடும் வேட்கை ஓயவில்லை. முடி மாதிரிகள் கொண்ட நிறப் பலகையை உருவாக்கிய ஆய்கன் ஃபிஷர், 1908இல் இன்றைய நமீபியாவின் ரெஹோபோத்தில் கலப்பு மரபினரை அளந்தார். 1927இல் பெர்லினில் மானிடவியல் நிறுவனம் ஒன்றின் தலைவரானார். ரைன்லாந்தில் குடியேற்ற நாட்டுப் படைவீரர்களுக்குப் பிறந்த சிறார்களை 1937இல் கட்டாயக் கருத்தடைக்கு உள்ளாக்கிய கொடுமையில், அந்நிறுவனத்து அறிஞர்களும் பங்குகொண்டனர்.

பொன்னிற முடி ஐரோப்பியருக்கே உரியது என்ற எண்ணமும் பின்னர்த் தகர்ந்தது. சாலமன் தீவுகளில் கருந்தோல் உடையோருள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை இயல்பாகவே பொன்னிற முடியினர். இதற்குக் காரணம் ஐரோப்பியக் கலப்பன்று, ஐரோப்பியரிடம் காணப்படாத ஒரு மரபணு மாற்றமே என்று 2012இல் வெளியான ஆய்வு நிறுவியது. ஒரே நிறம் இருவேறு வழிகளில் தோன்றியிருக்கிறது.

விர்கோ இனவெறியை எதிர்த்தவர். எனினும் அவர் வகுத்த படிவமே ஒரே வகுப்பில் அமர்ந்திருந்த சிறார்களை இரு பட்டியல்களாகப் பிரித்தது. அவர் கண்ட விடையைப் பின்வந்தோர் மறந்தனர். பிரித்த கோட்டை மட்டும் நினைவில் வைத்தனர். படிவங்களை நிரப்பும் கை நம்முடையதாக இருக்கும்போது, அக்கோட்டை எதற்காக இடுகிறோம் என்று முதலில் வினவுவது நம் கடமை.