பயம் கத்துக்கொடுத்த கை கழுவல்: வியன்னாவில் இருந்து திருப்பூர் வரை ஒரு நீண்ட இழை

1/ திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குள்ள போனவங்களுக்கு செக்கிங் டேபிள் தெரிஞ்சிருக்கும். துணி நல்லா இருக்கும், சாயம் சரியா இருக்கும். ஆனா செக்கிங்ல நிக்கிற அக்காவோட கண்ணு நேரா தையலுக்குத்தான் போகும். பீஸைத் திருப்பி உள்பக்கம் பார்ப்பாங்க. விட்டுப்போன தையல் அங்கதான் தெரியும்.

2/ 2020-ல் அதே ஊர் கொரோனா கவச உடை தைக்க ஆரம்பிச்சது. மார்ச் மாசம் வரைக்கும் இந்தியாவில் பிபிஇ கிட் உற்பத்தின்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லை. மே மாசத்துல நாடு முழுக்க ஒரு நாளைக்கு 4 லட்சத்துக்கு மேல். அதுல கோவை, திருப்பூர் தையல் மெஷின்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

3/ அப்ப டைலர்கள் புதுசா ஒண்ணு கத்துக்கிட்டாங்க. துணி எவ்வளவு தடிமனா இருந்தாலும், ஊசி இறங்கின ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. ரத்தம் அது வழியா உள்ளே வரும். அதனால தையல் மேல சூடு வெச்சு டேப் ஒட்டணும். கோவை சிட்ரா ஆய்வகத்துல செயற்கை ரத்தத்தை அழுத்திப் பார்த்து, கசியலைன்னாத்தான் பாஸ்.

4/ உடைக்கு டெஸ்ட் இருந்தது. அந்த உடைக்குள்ள நின்ன நர்சிங் மாணவிக்கு? அவ கையில என்ன பழக்கம் ஒட்டிக்கிச்சு, எது ஒட்டலை? இந்த இழை அதைப் பத்தி. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வாங்க. கதை 1847-ல் ஆரம்பிக்குது.

5/ வியன்னா பொது மருத்துவமனை. ரெண்டு பிரசவ வார்டு. முதல் வார்டு மருத்துவ மாணவர்கள் பயிற்சி எடுக்கிற இடம். ரெண்டாவது மருத்துவச்சி மாணவிகள் பயிற்சி எடுக்கிற இடம். முதல் வார்டுல பிரசவக் காய்ச்சல்ல சாகிறவங்க அதிகம். "எங்களை ரெண்டாவது வார்டுல சேர்த்துடுங்க"ன்னு கர்ப்பிணிகள் கெஞ்சினதா பதிவு இருக்கு.

6/ இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் காரணத்தைக் கண்டுபிடிச்சார். மருத்துவ மாணவர்கள் பிணவறையில உடலை அறுத்துப் படிச்சிட்டு, அதே கையோட பிரசவம் பார்க்க வந்தாங்க. மருத்துவச்சி மாணவிகளுக்குப் பிணவறை வேலையே இல்லை. ஒரே மருத்துவமனை, ரெண்டு விதமான பயிற்சி, ரெண்டு விதமான சாவுக் கணக்கு.

7/ குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணியில கை கழுவ வெச்சார். 1847 ஏப்ரல்ல முதல் வார்டுல இறப்பு 18 சதவீதம். மே மாசம் கழுவ ஆரம்பிச்சாங்க. ஜூன்ல சுமார் 2 சதவீதம். மருந்து இல்லை, ஊசி இல்லை. கை மட்டும்தான் மாறுச்சு.

8/ ஆனா பெரிய டாக்டர்கள் ஏத்துக்கலை. 'எங்க கை அழுக்குன்னு சொல்றியா?' என்கிற கோபம். 1849-ல் அவருக்கு வேலை நீட்டிப்பு கிடைக்கலை. 1865-ல் மனநலக் காப்பகத்துல இறந்து போனார். சீனியர் மதிக்காத பழக்கம் ஜூனியர் கையில நிக்காது என்பது இங்கிருந்து எடுத்துக்க வேண்டிய பாடம். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில திரும்ப வருவேன்.

9/ 1860-ல் லண்டன்ல பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பேர்ல நர்சிங் பள்ளி வருது. கிருமிக் கொள்கை அன்னிக்கு முழுசா வரலை, ஆனாலும் நர்ஸ் அடிக்கடி கை கழுவணும்னு அவங்க எழுதி வெச்சாங்க. நம்ம பக்கம் 1871-ல் மெட்ராஸ் அரசுப் பொது மருத்துவமனையில நர்சிங் பள்ளி, 1909-ல் வேலூர்ல ஐடா ஸ்கடர் ஆரம்பிச்ச பள்ளி. சுத்தம் ஒரு ஒழுக்கமா சொல்லிக்கொடுக்கப்பட்டது. நகம் வெட்டியிருக்கா, ஏப்ரன் வெளுப்பா இருக்கான்னு பார்த்தாங்க.

10/ அடுத்த திருப்பம் நம்ம சென்னையில. 1986. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகளைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி வார்டு எப்படி இருந்ததுன்னு இப்ப படிக்கிற பிள்ளைங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க. கண்ணாடி சிரிஞ்சை வேக வெச்சுத் திரும்பப் போடுவாங்க. கையுறையைக் கழுவிக் காய வெச்சு, பவுடர் போட்டு, மறுபடி கிருமி நீக்கி மாட்டுவாங்க.

11/ 1987-ல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு பெரிய விதியைச் சொன்னது. யாருக்கு எச்.ஐ.வி இருக்கு, யாருக்கு இல்லைன்னு பார்க்காதே. எல்லார் ரத்தத்தையும் தொற்று இருக்கிற ரத்தமாவே நினைச்சு நடந்துக்கோ. 1996-ல் அது இன்னும் விரிஞ்சு 'நிலையான முன்னெச்சரிக்கை' ஆச்சு.

12/ நடைமுறையில நடந்தது வேற. கேஸ் ஷீட்ல 'பாசிட்டிவ்'னு எழுதியிருந்தா ரெண்டு கையுறை. எழுதலைன்னா வெறும் கை. எல்லாருக்கும் ஒரே பாதுகாப்பு என்கிற விதி, 'அவங்களுக்கு மட்டும்' என்கிற ஒதுக்கலா திரிஞ்சு போச்சு. 2017-ல் எச்.ஐ.வி-எய்ட்ஸ் சட்டம் வந்து, பாகுபாட்டைத் தடை செஞ்சு, ஊழியர்களுக்குப் பாதுகாப்பு உபகரணமும் பயிற்சியும் கொடுக்கிறது நிர்வாகத்தோட கடமைன்னு சொல்ல வேண்டி வந்தது.

13/ லேபிளைப் பார்த்து ஜாக்கிரதையா இருக்கிறதுல ஒரு ஆபத்து உண்டு. லேபிள் எப்பவும் லேட்டாத்தான் வரும். 2018 மே மாசம், கேரளா பேராம்பிரா தாலுகா மருத்துவமனை. நர்ஸ் லினி காய்ச்சல் நோயாளி ஒருத்தரைப் பார்த்துக்கிட்டாங்க. அது நிபான்னு அன்னிக்கு யாருக்கும் தெரியாது. மே 21 லினி இறந்துட்டாங்க.

14/ மாணவர்கள் விஷயத்துல இன்னொரு சம்பவம். 2003 மார்ச், ஹாங்காங், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனை. நிமோனியான்னு ஒரு நோயாளி சேர்றார். அந்த வார்டுல மருத்துவ மாணவர்கள் வழக்கம்போல நோயாளிகளைப் பரிசோதிச்சுப் படிக்கிறாங்க. அது சார்ஸ். முதல்ல கணக்கெடுத்த 138 பேர்ல 16 பேர் மருத்துவ மாணவர்கள். உடனே வார்டுப் பயிற்சியை நிறுத்தினாங்க.

15/ அன்னிக்கு எழுந்த கேள்வி இன்னும் முடியலை. கொள்ளை நோய் வந்தா மாணவர்களை வார்டை விட்டு வெளியே அனுப்புறதா, உள்ளே கூப்பிடுறதா? வெளியே அனுப்பினா உயிர் பத்திரம், ஆனா கை பழகாது. உள்ளே கூப்பிட்டா கை பழகும், எப்படிப் பழகும் என்பதுதான் பிரச்சினை.

16/ கொரோனாவில் நாம ரெண்டையும் செஞ்சோம். 2020 மார்ச்ல கல்லூரிகளை மூடினோம். நர்சிங் பிள்ளைங்க செல்போன்ல கை கழுவக் கத்துக்கிட்டாங்க. நிறைய பேர் ஒரே அறை வீட்டுல, அம்மா வேலையில்லாம உட்கார்ந்திருக்க, பக்கத்துல தம்பி ஆன்லைன் கிளாஸ்ல இருக்க, வாளித் தண்ணியில அந்த ஏழு ஸ்டெப்பைச் செஞ்சு வீடியோ எடுத்து அனுப்பினாங்க.

17/ 2021 மே மாசம் நிலைமை தலைகீழ். மே 3 அன்னிக்கு மத்திய அரசு, பி.எஸ்சி, ஜி.என்.எம் முடிச்ச நர்சுகளை சீனியர்கள் மேற்பார்வையில முழுநேரக் கொரோனா பணிக்கு எடுக்கலாம், 100 நாள் பார்த்தவங்களுக்கு அரசு வேலையில முன்னுரிமைன்னு அறிவிச்சது. மே 21 தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36 ஆயிரத்துக்கு மேல் தொற்று. அடுத்த சில வாரங்கள்ல கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம்தான் சுமை அதிகம்.

18/ அப்ப திருப்பூர்ல மருத்துவக் கல்லூரி இயங்கலை. அது திறந்தது 2022 ஜனவரி 12. 2020-ன் ஆரம்ப வாரங்கள்ல திருப்பூர் நோயாளிகளை கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ மருத்துவமனைக்குத்தான் கொண்டு போனாங்க. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் இருக்கிற ஊர். இந்தப் பக்கம் நர்சிங் படிக்கிற பிள்ளைங்கள்ல பலரோட அப்பா கட்டிங் மாஸ்டர், அம்மா செக்கிங். பெத்தவங்க தைச்ச மாதிரி உடையைப் பிள்ளை போட்டுக்கிட்டு நின்ன காலம் அது.

19/ அந்த வார்டு என்ன கத்துக்கொடுத்தது? நல்லது நிறைய. மாஸ்க் மூக்கை மூடியிருக்கணும். உடையைப் போடும்போது இல்லை, கழட்டும்போதுதான் அதிக கவனம் வேணும், ஏன்னா வெளிப்பக்கம் முழுக்க கிருமி. முன்னாடி வகுப்புல ஒரு பக்கப் பாடமா இருந்தது இப்ப உடம்புல ஏறிடுச்சு.

20/ ஆனா ஒண்ணு கவனிங்க. இது எல்லாமே 'எனக்கு வந்துடக் கூடாது' என்கிற பயத்துல வந்த பழக்கம். பயம் பெரிய வாத்தியார், தப்பில்லை. அவர் பாதிப் பாடம்தான் நடத்துவார்.

21/ உலக சுகாதார நிறுவனம் கை சுத்தத்துக்கு 5 தருணங்கள் சொல்லுது. நோயாளியைத் தொடுறதுக்கு முன்னாடி. ஊசி, டிரிப், டிரெஸ்ஸிங் மாதிரி வேலைக்கு முன்னாடி. ரத்தம், சளி பட்ட பிறகு. நோயாளியைத் தொட்ட பிறகு. அவரைச் சுத்தியிருக்கிற கட்டில், மேஜையைத் தொட்ட பிறகு. முதல் ரெண்டும் நோயாளிக்காக. கடைசி மூணும் பெரும்பாலும் நமக்காகவும் அடுத்தவங்களுக்காகவும்.

22/ பல நாட்டு மருத்துவமனைகள்ல எண்ணிப் பார்த்தப்ப திரும்பத் திரும்ப ஒண்ணு தெரிஞ்சது. 'பிறகு' கழுவுறவங்க அதிகம், 'முன்னாடி' கழுவுறவங்க கம்மி. மனுஷ சுபாவம் அது. நம்ம கை அழுக்காச்சுன்னு தோணும்போது கழுவுறோம். நம்ம கையாலயே இன்னொருத்தருக்கு ஆபத்துன்னு தோணவே தோணாது.

23/ கொரோனா அந்தச் சாய்வை இன்னும் அழுத்தி விட்டுட்டுப் போச்சு. கையுறையைப் பாருங்க. மாட்டினதும் 'நான் பத்திரம்'னு ஒரு நிம்மதி. அதே கையுறையோட ஒரு கட்டில், அடுத்த கட்டில், மானிட்டர் பட்டன், கேஸ் ஷீட், பேனா. போட்டவங்களுக்குப் பாதுகாப்பு. கட்டில்ல படுத்திருக்கிறவருக்கு? ஐசியூவில மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லாவும் அசினெட்டோபாக்டரும் இப்படித்தான் கட்டில் விட்டுக் கட்டில் பயணம் போகும்.

24/ நமக்கு மட்டும் உள்ள நோய் இல்லை இது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில கொரோனாவுக்கு முன்னாடியே, 2018-ல், தேவையில்லாத இடத்துல கையுறையைக் கழட்டுங்க, கையைக் கழுவுங்கன்னு நர்சுகளே இயக்கம் நடத்தினாங்க. ஒரு வருஷத்துல 21 டன் பிளாஸ்டிக் மிச்சம்.

25/ இப்ப என் கதை. ஊர், மருத்துவமனை பேர் வேண்டாம். 2021 கடைசி. ரவுண்ட்ஸ் போறேன். கூட ரெண்டாம் வருஷப் பிள்ளை ஒருத்தி. ஒரு பாட்டிக்குக் கழுத்துல போட்டிருந்த டிரிப் லைனைப் பார்க்கக் கையுறை மாட்டிக்கிட்டு நேரா கையை நீட்டினேன். மாட்டுறதுக்கு முன்னாடி பக்கத்துக் கட்டில்காரர் கையைப் பிடிச்சுப் பேசிட்டு வந்திருந்தேன்.

26/ அந்தப் பிள்ளை என் கையையே பார்த்துச்சு. "என்னம்மா?"ன்னேன். "ஒண்ணும் இல்லீங்க சார்." வெளிய வந்ததும் கூப்பிட்டுக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொல்லுச்சு: "கை கழுவாம க்ளவுஸ் போடக் கூடாதுன்னு படிச்சோமுங்க சார். நீங்க போட்டீங்க. அப்ப போடலாம்போல இருக்குன்னு நினைச்சேனுங்க."

27/ குறை சொல்லலை அந்தப் பிள்ளை. என்னைப் பார்த்துத் தன் பாடத்தைத் திருத்திக்கிச்சு. புத்தகத்துல படிச்சது தப்பு, சார் செய்யறதுதான் சரின்னு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. பாட்டிக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா அந்தப் பிள்ளை 35 வருஷம் வேலை பார்க்கும். எத்தனை கழுத்து, எத்தனை லைன்.

28/ செம்மல்வைஸ் கதையை ஞாபகம் வெச்சுக்கங்கன்னு சொன்னேனே, இதுக்காகத்தான். ஜெனீவா மருத்துவமனையில டிடியே பிட்டே குழு 1994-ல் ஆரம்பிச்ச புகழ்பெற்ற இயக்கத்துல கை சுத்தம் 48 சதவீதத்துல இருந்து 66 சதவீதத்துக்கு ஏறிச்சு. ஏத்தினது நர்சுகள். டாக்டர்கள் கணக்கு மோசமாவே இருந்தது. வியன்னாவுக்கும் ஜெனீவாவுக்கும் நடுவுல 150 வருஷம்.

29/ புத்தகம் மாறிட்டு இருக்கு, அதையும் சொல்லணும். இந்திய நர்சிங் கவுன்சிலின் புதுப் பாடத்திட்டத்துல நுண்ணுயிரியல் பாடத்தோட பேர்லயே 'தொற்றுக் கட்டுப்பாடு, பாதுகாப்பு' சேர்ந்திருக்கு. நல்ல விஷயம். ஆனா பாடம் காலையில ஒரு மணி நேரம். வார்டு நாள் முழுக்க. பிள்ளைங்க காதால கேட்டதை விட கண்ணால பார்த்ததைத்தான் எடுத்துக்குவாங்க.

30/ அதனால சீனியர் டாக்டர்கள், சிஸ்டர்கள், டியூட்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவி பக்கத்துல இருக்கும்போது சத்தமா சொல்லிக்கிட்டே கழுவுங்க: "இப்ப இவங்களைத் தொடப் போறேன், அதான் கழுவுறேன்." மறந்துட்டா அவங்க முன்னாடியே ஒத்துக்கங்க. நான் இப்ப அப்படித்தான் செய்யறேன். முதல்ல கூச்சமா இருந்தது. இப்ப பழகிடுச்சு.

31/ நிர்வாகத்துக்கு: கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்துல ஹேண்ட் ரப் பாட்டில் இருக்கணும், அது காலியா இருக்கக் கூடாது. ஒரு நர்ஸ் 30 நோயாளியைப் பார்க்கிற இடத்துல கை கழுவலைன்னு அவங்களை மட்டும் திட்டறது நியாயம் இல்லை.

32/ உங்களுக்கு: நீங்களோ உங்க வீட்டாரோ அட்மிட் ஆனா, தொட வர்றவங்ககிட்ட மரியாதையா கேளுங்க. "சார், கை கழுவிட்டீங்களா?" "சிஸ்டர், புது கையுறை போட்டுக்கறீங்களா?" கோபப்பட்டா அது எங்க தப்பு, உங்க தப்பு இல்லை. அந்த நேரத்துல பக்கத்துல ஒரு மாணவி நின்னுட்டு இருந்தா, நீங்க அவளுக்கும் சேர்த்துப் பாடம் எடுக்கறீங்க.

33/ பீஸைத் திருப்பி உள்பக்கம் பார்க்கிற அந்த செக்கிங் அக்கா மாதிரி, கொரோனா கொடுத்த பழக்கத்தையும் திருப்பிப் பார்க்கணும். வெளிப்பக்கம் நல்லாத்தான் இருக்கு. 'தொட்ட பிறகு' தையல் கெட்டியா இருக்கு. 'தொடுறதுக்கு முன்னாடி' தையல் விட்டிருக்கு. அடுத்த கொள்ளை நோய் வந்து பயமுறுத்தும் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்குக் காலை ரவுண்ட்ஸ்லயே ஒட்டிடலாம்.

வீட்டுல நர்சிங் படிக்கிற பிள்ளை இருந்தா இதை அனுப்புங்க.