எந்த வண்டியில் பழகுவது?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழிலுக்கு வர நினைக்கும் ஒரு பையன் விசாரிக்கப் போனால், பெரும்பாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான். "ஹெவி எடுத்துரு தம்பி, அதுல எல்லாம் அடங்கிரும்." சட்டப்படி இந்தப் பதிலில் பெரிய தப்பு இல்லை. ஆனால் 'எல்லாம் அடங்கும்' என்பது என்றைக்கும் இருந்த நிலை இல்லை. ஒரு காலத்தில் எந்த வண்டியில் முதலில் பழகுவது, எதற்கு அடுத்து எது என்பதைச் சட்டமே சொல்லிக்கொண்டிருந்தது.

வெள்ளைக்காரர் காலத்து 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் கவலை வேறு. சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவனையும், சரக்கு, பயணிகள் வண்டி ஓட்டுகிறவனையும் அது தனியாகப் பிரித்தது. லைசென்ஸில் அதற்கென்று அனுமதி எழுதியிருக்க வேண்டும். முதலாளி தன் காரைத் தானே ஓட்டுவதும், அதே காரை டிரைவர் கூலிக்கு ஓட்டுவதும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

அதற்குப் பதிலாக வந்த 1988 சட்டம் படிக்கட்டு ஒன்றைக் கட்டியது. மொத்த எடை 6,000 கிலோ வரை இலகு வாகனம். 12,000 கிலோவுக்கு மேல் கனரக சரக்கு வாகனம். நடுவில் இருப்பது நடுத்தர வாகனம். இவை ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸில் தனி வகுப்பு. கனரக வண்டிக்குப் பழகுநர் உரிமம் வேண்டுமானால், இலகு வாகன உரிமம் கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். அல்லது நடுத்தர வண்டி உரிமம் ஒரு வருஷமாவது கையில் இருக்க வேண்டும். சின்ன வண்டி, நடு வண்டி, பெரிய வண்டி என்று ஏறிப் போகிற வரிசை இது. எதில் பழகுவது என்று பையன் யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இந்தப் படிக்கட்டுக்கு ஆயுசு ஐந்தாறு வருஷம்தான். 1994 நவம்பரில் அமலுக்கு வந்த திருத்தம் நடுத்தர சரக்கு, நடுத்தர பயணி, கனரக சரக்கு, கனரக பயணி என்ற நான்கு லைசென்ஸ் வகுப்புகளையும் எடுத்துவிட்டு, 'போக்குவரத்து வாகனம்' என்ற ஒரே சொல்லை வைத்தது. இலகு வாகனத்தின் வரம்பு 7,500 கிலோவாக உயர்ந்தது. இலகு வாகன உரிமம் ஒரு வருஷம் இருந்தால் நேராகப் பெரிய வண்டிக்குப் போகலாம் என்றானது. வேடிக்கை என்னவென்றால், நடுத்தரம், கனரகம் என்ற விளக்கங்கள் சட்டத்தின் இரண்டாவது பிரிவில் இன்றும் அப்படியே இருக்கின்றன. லைசென்ஸில்தான் அந்தப் பிரிவினை இல்லாமல் போனது.

ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டதில் முதலில் வெடித்தது இன்ஷூரன்ஸ் சண்டை. விபத்தில் செத்தவர் குடும்பம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடும். "டிரைவரிடம் இருப்பது இலகு வாகன லைசென்ஸ், அவர் ஓட்டியது சரக்கு வண்டி, நாங்கள் பொறுப்பில்லை" என்று கம்பெனி சொல்லும். குட்டி யானைக்கும் 407-க்கும் 'பேட்ஜ்' வேண்டுமா வேண்டாமா என்பதற்கு நீதிமன்றங்கள் வேறு வேறு பதில் சொல்லிவந்தன. வேண்டாம் என்று 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு வாகன லைசென்ஸோடு ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை. சின்ன வண்டிக்காரர்களுக்கும் விபத்தில் ஆளை இழந்த குடும்பங்களுக்கும் இது நல்ல தீர்ப்பு.

கீழ்ப்படி இப்படித் தெளிவானது. மேலே? 7,500 கிலோவைத் தாண்டிய பின் வருவதெல்லாம் இன்னும் ஒரே கூடைதான். 2018-இல் அச்சு எடை விதிகள் மாறியபின் சாதாரண ஆறு சக்கர லாரியே 18 டன்னுக்கு மேல் போகலாம், டிரெய்லர் 55 டன் வரை போகலாம். தேர்வு 'விண்ணப்பித்த வகை' வண்டியில் நடக்க வேண்டும் என்கிறது ஒன்பதாவது பிரிவு. வகை என்பதே 'போக்குவரத்து வாகனம்' என்றால், பள்ளிக்கூடத்துக்காரர் கொண்டுவந்து நிறுத்துகிற பழைய ஆறு சக்கர வண்டியே போதும். அதுவும் காலி வண்டி.

தொழிலில் இருப்பவர்கள் சட்டத்தைப் போலப் பேசுவதில்லை. அவர்களுக்கு டாரஸ் வேறு, டிரெய்லர் வேறு, டேங்கர் வேறு, டிப்பர் வேறு, ரிக் வேறு. டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். ஆறு சக்கரத்தில் பழகிய கை முதலில் அதற்குப் பணியாது. பாதி நிரம்பிய டேங்கரில் பிரேக் போட்டால் உள்ளே இருக்கும் திரவம் முன்னால் வந்து இடிக்கும். வண்டி நின்ற பிறகும் தள்ளும். டிப்பரைச் சரிவில் நிறுத்திப் பெட்டியைத் தூக்கினால் சாய்ந்துவிடும். இவற்றில் சட்டம் தனியாகக் கவனித்தது ஆபத்தான சரக்கை மட்டும்தான். கேஸ், பெட்ரோல் ஏற்றுகிறவர்கள் மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிந்துகொள்ள வேண்டும்.

மற்றதையெல்லாம் இத்தனை காலம் சொல்லிக்கொடுத்தது கிளீனர் சீட். டயர் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, ரிவர்ஸுக்குக் குரல் கொடுப்பது என்று ஆரம்பித்து, இரண்டு மூன்று வருஷம் கழித்து ஆளில்லாத ரோட்டில் "கொஞ்ச நேரம் புடிடா" என்று ஸ்டியரிங் கைக்கு வரும். சட்டவிரோதம்தான். திட்டும் அடியும் குறைந்த படியும் கூடவே உண்டு. யாரும் அதைப் பொற்காலம் என்று சொல்ல வேண்டாம். ஆனால் லோடு ஏற்றிய வண்டி மலை இறங்கும்போது எந்த கியரில் இருக்க வேண்டும் என்பதை அந்தப் பையன் நூறு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பான். செலவு கட்டாமல் அந்த சீட் இன்று பல வண்டிகளில் காலி. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியும் 2018-இல் போனது.

பிரிட்டனிலும் இதே கதை சற்றுத் தாமதமாக நடந்தது. அங்கே 3.5 டன்னிலிருந்து 7.5 டன் வரை ஒரு வகுப்பு, தனி லாரிக்கு ஒன்று, டிரெய்லர் கோத்த லாரிக்கு ஒன்று. ஒன்றைத் தேறாமல் டிரெய்லருக்குப் போக முடியாது. 2021-இல் டிரைவர் பஞ்சம் வந்தபோது அந்த வரிசையைக் கைவிட்டார்கள். கார் லைசென்ஸ்காரர் நேராக டிரெய்லரில் தேர்வு கொடுக்கலாம். ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. படியைத் தாண்டலாம், தேர்வைத் தாண்ட முடியாது. டிரெய்லர் ஓட்ட வேண்டுமென்றால் டிரெய்லரில்தான் தேற வேண்டும்.

நம்மூரில் சட்டம் கைவிட்ட தீர்மானம் இருபது வயதுப் பையன் தலையில் விழுந்திருக்கிறது. போக்குவரத்து வாகனத்துக்குப் பயிற்சி 30 நாள், அதில் ஸ்டியரிங் பிடிக்கிற நேரம் 15 மணி என்கிறது விதி. அந்த 15 மணி எந்த வண்டியில் என்று அவன்தான் கேட்க வேண்டும். நாளை எந்த வண்டியில் சம்பளம் வாங்கப் போகிறானோ அதே வகை கிடைக்குமா, அதில் கொஞ்சமாவது லோடு இருக்குமா என்று பணம் கட்டும் முன் கேட்கலாம். பள்ளியில் இல்லையென்றால், லைசென்ஸ் வந்த கையோடு டிரெய்லர் சாவியை வாங்காமல், அனுபவஸ்தர் ஒருவர் பக்கத்தில் சில மாதம் உட்கார இடம் தேடலாம். முதலாளிகளும் 'ஹெவி இருக்கா?' என்பதோடு நிறுத்தாமல் 'எதுல பழகின?' என்று கேட்கலாம். 1994-க்கு முன் ஆர்டிஓ ஆபீஸ் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது.