பிஸ்கட் டப்பாவில் ஒரு சரித்திரம்

கோவளத்து உப்புக் காற்றுக்குத் தப்பிய வஸ்து எதுவும் கிடையாது. ஜன்னல் கம்பி, சைக்கிள் மணி, பூட்டு, சாவி எல்லாவற்றையும் அது பொறுமையாக உட்கார்ந்து தின்றுவிடும். சென்ற மாதம் அங்கே என் அக்காள் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். கேளம்பாக்கம் போகும் சாலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவன். பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவன் துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டப்பாவை என் முன்னால் கவிழ்த்தான். இரண்டு பச்சை அட்டைகள் விழுந்தன. அவற்றின் அடியிலிருந்த தங்கமுலாம் பூசிய பற்களில் களிம்பு ஏறியிருந்தது.

"பழைய சாமான்காரனுக்குப் போட்டுடலாம்னு பார்க்கறேன், மாமா. மனசுதான் வரல்லே" என்றான்.

எனக்கும் வரவில்லை. அவை இரண்டும் 1999-ஆம் வருஷம் சித்திரை வாக்கில் சந்தைக்கு வந்த கிராபிக்ஸ் கார்டுகள். ஒன்று த்ரீடிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ 3; அதிலும் 3000 என்ற ரகம். மற்றொன்று என்விடியா கம்பெனியின் டிஎன்டி2 அல்ட்ரா. வூடூ இவனுடையது. டிஎன்டி இவனுடைய கல்லூரிச் சிநேகிதனுடையது. எது உசத்தி என்ற விவாதத்தில் இருவரும் ஆறு மாதம் பேசாமல்கூட இருந்திருக்கிறார்கள். பெண் விஷயத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டவர்களை நான் கதைகளில் எழுதியிருக்கிறேன். இந்த விஷயத்தில் நிறுத்திக்கொண்டவர்களை அன்றுதான் அறிந்தேன்.

கிராபிக்ஸ் கார்டு செய்யும் வேலை என்ன? விளையாட்டில் தெரியும் கோட்டை, குதிரை, பூதம் எல்லாம் கம்ப்யூட்டருக்கு வெறும் முக்கோணங்கள். அந்த முக்கோணங்களின்மேல் வர்ணக் காகிதம் ஒட்டி, நிழலும் வெளிச்சமும் தந்து, ஒரு விநாடிக்குள் முப்பது நாற்பது படங்களைத் திரையில் தீட்டியாக வேண்டும். தாமதித்தால் குதிரை நொண்டும். 1996-இல் முதல் வூடூ கார்டைக் கொண்டுவந்து, சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரிலும் குதிரையைக் குதிரையாக ஓடவிட்ட பெருமை த்ரீடிஎஃப்எக்ஸையே சேரும். அப்போது என்விடியா, முதல் சரக்கு விலைபோகாமல் திண்டாடிக்கொண்டிருந்த கம்பெனி. இரண்டும் கலிபோர்னியாவில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நம் குரோம்பேட்டையும் பல்லாவரமும் மாதிரி.

இனி ஜாதகங்களை ஒப்பிடுவோம். வூடூ 3-இன் துடிப்பு 166 மெகாஹெர்ட்ஸ். டிஎன்டி2 அல்ட்ராவுக்கு 150. விநாடிக்கு எத்தனை வர்ணப் புள்ளிகளை ஒட்ட முடியும் என்று கணக்கிட்டால் வூடூவுக்குச் சுமார் 33 கோடி, டிஎன்டிக்கு 30 கோடி. இந்தப் பொருத்தத்தில் வூடூ ஒரு மாற்று உயர்த்திதான். ஆனால் வூடூவின் ஞாபகசக்தி 16 மெகாபைட், டிஎன்டிக்கு 32. வூடூ ஒட்டும் வர்ணக் காகிதம் ஒரு பக்கத்துக்கு 256 புள்ளிகளைத் தாண்டக்கூடாது; டிஎன்டி 2048 வரை தாங்கும். ஆகையால் வூடூவில் ஒரு சுவரை நெருங்கிப் பார்த்தால் செங்கல் குழம்பிப்போகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை வர்ணத்தில். வூடூ திரைக்கு அனுப்பியது 16 பிட் வர்ணம். அதாவது மொத்தம் 65,536 நிறங்கள். கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் சிவப்புக்கு 32 படிகளே உண்டு, நீலத்துக்கும் அவ்வளவே, பச்சைக்கு 64. கோவளத்தில் விடியற்காலம் ஐந்தரை மணிக்குக் கடலோரம் நின்றவர்களுக்குத் தெரியும், அந்த வானத்துக்கு 32 சிவப்பு போதாது என்று. வானம் படிப்படியாக, வாழைப்பட்டை வரிபோலத் தெரியும். அதை மழுப்புவதற்கு வூடூவிடம் ஒரு சாமர்த்தியமான வடிகட்டி இருந்தது. இருந்தாலும் மழுப்பல் மழுப்பல்தானே! டிஎன்டியின் 32 பிட் வர்ணத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். மொத்தம் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள்.

ஆகவே டிஎன்டிதான் வென்றது என்று தீர்ப்பெழுதப் புறப்பட்டேன். அக்காள் மகன் விடவில்லை.

"அந்த 32 பிட்டைப் போட்டா டிஎன்டி எவ்வளவு மெதுவாயிடும் தெரியுமா, மாமா? என் சிநேகிதனே விளையாடறப்போ 16-லதான் வெச்சுப்பான். விவாதம் பண்றப்போ மட்டும் 32!"

இது உண்மை. அந்த வருஷத்துப் பரீட்சைகளில் 16 பிட்டில் இரண்டும் ஏறக்குறைய சமமாக ஓடின. த்ரீடிஎஃப்எக்ஸ் தன் கார்டுகளுக்கென்றே வகுத்திருந்த கிளைட் என்ற பாஷையில் எழுதிய அன்ரியல் போன்ற விளையாட்டுகளில் வூடூ முந்தியது. 32 பிட்டுக்குப் போனால் டிஎன்டிக்கு மூச்சு வாங்கியது. டிஎன்டியின் ஜாதகத்தில் இருந்த பெரிய யோகம் அன்றைக்கு அனுபவிக்க முடியாத யோகம். வாங்கியவர்கள் என்னவோ அதைப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

அந்த 16 பிட்தான் த்ரீடிஎஃப்எக்ஸைக் கவிழ்த்தது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கவிழ்த்தது வியாபாரம். அதுவரை அந்தக் கம்பெனி சில்லை மட்டும் செய்து டைமண்ட், கிரியேட்டிவ் போன்ற வியாபாரிகளுக்கு விற்றது. அவர்கள் கார்டாக்கித் தங்கள் பெயரில் உலகமெங்கும் விற்றார்கள். 1998 டிசம்பரில் த்ரீடிஎஃப்எக்ஸுக்கு வேறு யோசனை வந்தது. கார்டு செய்யும் எஸ்டிபி என்ற கம்பெனியை விலைக்கு வாங்கி, இனி நாமே செய்வோம், நாமே விற்போம் என்று தீர்மானித்தது. நெல் கொடுத்துக்கொண்டிருந்தவன் தானே சாப்பாட்டுக் கடை போட்டால் மற்றக் கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்? வேறு நெல் வியாபாரியைத் தேடுவார்கள். டைமண்டும் கிரியேட்டிவும் டிஎன்டி2 கார்டுகளை விற்கக் கிளம்பினார்கள். 1999 அக்டோபரில் என்விடியா ஜீபோர்ஸ் 256 என்ற அடுத்த அஸ்திரத்தை எடுத்துவிட்டது. த்ரீடிஎஃப்எக்ஸின் பதில் அஸ்திரமான வூடூ 5 வந்து சேர 2000-ஆம் வருஷம் பாதி கழிந்துவிட்டது.

இதைப் பேசிக்கொண்டே மாலையில் கடற்கரைப் பக்கம் நடந்தோம். கோவளத்துக்கு இது புதிய கதையில்லை. இன்று பெரிய ஹோட்டல் இருக்கும் பக்கத்தில் முன்பு ஒரு கோட்டை இருந்தது. அதற்கும் முன்னால் இந்த ஊரில் பண்டகசாலை வைத்திருந்தது, இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆஸ்டெண்ட் நகரத்துக் கம்பெனி. 1722-இல் ஆறாம் சார்லஸ் சக்கரவர்த்தியிடம் பட்டயம் வாங்கி நல்ல லாபத்தில் நடந்தது. ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் பொறுக்கவில்லை. சக்கரவர்த்திக்கோ தம் மகள் மரியா தெரஸா பட்டத்துக்கு வர அவர்களுடைய சம்மதம் வேண்டியிருந்தது. 1727-இல் கம்பெனியை நிறுத்திவைத்தார். 1731-இல் அடியோடு கைகழுவினார். சரக்கில் குற்றமில்லை, கப்பலில் குற்றமில்லை. கப்பல் கவிழ்ந்தது கடலில் அல்ல, வியன்னாவில்.

த்ரீடிஎஃப்எக்ஸ் கவிழ்ந்ததும் தன் சொந்த மேஜையில்தான். 2000 டிசம்பரில் தன் சொத்துக்களை என்விடியாவுக்கே, 7 கோடி டாலர் ரொக்கத்துக்கும் 10 லட்சம் பங்குகளுக்கும் விற்க ஒப்புக்கொண்டது. 2002-இல் திவால் மனுப் போட்டது. இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டுவதற்கு அது 1998-இல் வைத்திருந்த எஸ்எல்ஐ என்ற பெயரை 2004-இல் என்விடியா எடுத்துத் தன் சரக்குக்குச் சூட்டிக்கொண்டது. மூன்றெழுத்தும் அதே, விரிவு மட்டும் வேறு.

வீடு திரும்பியதும் அக்காள் மகன் பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்து வூடூவின் பற்களைத் தேய்க்க ஆரம்பித்தான். களிம்பு போய்த் தங்கம் தெரிந்தது. கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் செருகி விசையைப் போட்டான். சற்று நேரம் கழித்துத் திரையில் ஒரு கோட்டை வந்தது. அதன் பின்னால் வரி வரியாக ஒரு வானம்.

"அந்த டிஎன்டியையும் தேய்த்துப் போடேண்டா" என்றேன்.

"அது அவனோடது, மாமா. அவன் வரட்டும்" என்றான்.