ரப்பர்த் தோட்டமும் மண்ணின் போர்வையும்

மரத்தடி துடைத்து வைத்தாற்போல் இருந்தால்தான் தோட்டம் சீராக நடக்கிறது என்பது மலாயாவின் பழைய துரைமார் பலரின் துணிபு. ஒரு புல் தலைகாட்டினாலும் கங்காணி பதில் சொல்லவேண்டும். பதில் சொன்னவர் கங்காணி; வெயிலில் குனிந்து வெட்டியவர் தமிழ்த் தொழிலாளி.

இவ்வழக்கம் ரப்பரோடு பிறந்ததன்று. இலங்கையின் மலைச்சரிவுகளில் காப்பி பயிரிட்டோர் கையாண்ட முறை அது. 1869இல் அங்கே தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தபின், மலாயாவுக்கு வந்த துரைமார் தம் பழக்கத்தையும் உடன் கொணர்ந்தனர். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டதைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின, புல்வெட்டும் பெருகியது. லாலாங் புல்லைப் பற்றிய அச்சம் ஒரு காரணம். அவ்வச்சம் வீணானதன்று, லாலாங் படர்ந்த நிலத்தில் இளங்கன்று தேறுவது அரிது. ஆனால் அந்த ஒரு புல்லை ஒழிக்கப் புகுந்தவர்கள் நிலம் முழுவதையும் அம்மணமாக்கிவிட்டனர்.

வெறுமண்ணில் விழும் கனமழைத் துளி மண்கட்டியைச் சிதறடிக்கும். சிதறிய நுண்துகள் மண்ணின் துளைகளை அடைக்கும். பின்னர் வரும் நீர் உள்ளே இறங்காது மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும். ரப்பர் மரத்துக்கு உணவு தேடும் வேர்கள் பெரும்பாலும் அந்த மேல்மண்ணில்தான் பரந்துள்ளன. சரிவுகளில் வேர்கள் வெளியே தெரிந்தன. ஆறுகளில் சேறு படிந்தது. ஆற்றுச் சேற்றில் ஈயச் சுரங்கங்களுக்கும் பங்குண்டு என்பதையும் சொல்லவேண்டும்.

முதலில் சேற்றுக்குழியும் வரப்பும் வெட்டிப் பார்த்தனர். அதுவும் தொழிலாளியின் தோளுக்கே வந்த வேலை. பின்னரே மண்ணை மூடும் எண்ணம் வலுப்பெற்றது. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதில் கருத்துச் செலுத்தியது. கலப்பகோனியம், செண்ட்ரோசீமா, புவராரியா முதலிய அவரையினக் கொடிகள் மரவரிசைகளுக்கிடையே படரவிடப்பட்டன. அவற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணுக்குச் சேர்த்தன. உதிர்ந்த தழை மூடாக்காகி ஈரத்தைக் காத்தது.

1942 முதல் 1945 வரை நிகழ்ந்த ஜப்பானியர் ஆட்சியில், வெட்டுவதற்கே ஆளில்லை. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். சில தோட்டங்களில் உணவுப் பயிருக்காக மரங்களை வெட்டினர். எஞ்சிய தோட்டங்களில் புதர் மண்டியது. மரங்கள் மட்டும் மடியவில்லை.

பிற்காலத்தில் செம்பனை பரவியபோது, வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கிடையே அடுக்கி மட்கவிடுவது வழக்கமாயிற்று. ஆயினும் உதிர்ந்த பழம் பொறுக்க வசதியாக, மரத்தைச் சுற்றிய வட்டம் மட்டும் வெறுமையாகவே வேண்டியிருந்தது. மண்வெட்டி போய், பாராகுவாட் என்னும் களைக்கொல்லி வந்தது. அந்த நஞ்சை முதுகில் சுமந்து தெளித்தவர்களுள் தமிழ்ப் பெண்கள் ஏராளம். 2002இல் மலேசியா அதை விலக்க முடிவு செய்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத்தடை நடைமுறைக்கு வந்தது 2020 சனவரி முதல் நாளில்தான்.