திரைக்குத் தெளிவு தந்த கைகள்

சேலத்தின் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுவோர் மாடர்ன் தியேட்டர்சிலிருந்தே தொடங்குவர். அது முறையே. திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம் நிறுவிய அந்நிறுவனம் 1937-இல் ‘சதி அகல்யா’வையும், 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பால’னையும், 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தையும் அளித்தது. ஆயினும் படப்பிடிப்புத் தளத்தோடு ஒரு படத்தின் ஆக்கம் முடிந்துவிடுவதில்லை. ஒவ்வோர் இரவும் அதனைத் திரையில் உருவாக்கியவர், கொட்டகையின் பின்னறையில் நின்ற ஆபரேட்டர். அவரை நம் வரலாறு இன்னும் ஏட்டில் ஏற்றவில்லை.

திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். அவ்வழியில் வந்தவையே பிற்காலத்து டூரிங் டாக்கீசுகள். கொட்டகை இடம் மாறுந்தோறும் திரையையும் கருவியையும் புதிதாக நேர்ப்படுத்த வேண்டும். லென்சின் அச்சு திரையின் நடுவே செங்குத்தாகச் சென்று சேராவிடில், படம் ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகும். ஒரு பக்கம் துலங்க, மறுபக்கம் மங்கும்.

இதில் எத்துணை நுட்பம் வேண்டும் என்பதை ஒரு கணக்கால் உணரலாம். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு படக்கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். இருபது அடித் திரையில் அது ஏறக்குறைய 290 மடங்கு பெரிதாகிறது. சுருள் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் திரையில் படம் மூன்று சென்டிமீட்டர் ஆடும். ஒளியின் வெப்பத்தில் சுருள் சற்றே வளைந்தாலும் கூர்மை குலையும். ஆதலின், ஒருமுறை லென்சைத் திருகி வைத்துவிட்டு ஆபரேட்டர் ஓய்ந்திருக்க இயலாது.

ஒளியைக் காப்பது அதனினும் அரிது. இரு கார்பன் குச்சிகளின் முனைகளுக்கிடையே மின்வில் எரியும். பின்னிருக்கும் குழியாடி அவ்வொளியைப் படக்கட்டத்தின்மேல் குவிக்கும். குச்சிகளோ எரிந்து தேய்ந்துகொண்டே இருக்கும். கருங்கண்ணாடி வழியே பார்த்து அவற்றை நகர்த்தாவிடில், சுடர் குழியாடியின் குவியத்தை விட்டு விலகும், திரையோரம் இருளும், நிறமும் திரியும். சேலத்தில் உருவான ‘அலிபாபா’வின் வண்ணம் ஒரு சிற்றூர்க் கொட்டகையில் வண்ணமாகவே தோன்றியதற்கு அந்த ஆபரேட்டரின் விழிப்பும் காரணம். 2000 அடி ரீல் ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும். ஒரே கருவி கொண்ட கொட்டகையில் அது முடிந்ததும் விளக்குகள் எரியும். மக்கள் முறுக்கும் தேநீரும் நாடுவர். அவரோ அடுத்த ரீலை மாட்டிக்கொண்டிருப்பார்.

பின்னர் வந்த செனான் விளக்கு கார்பனை அகற்றியது. டிஜிட்டல் முறை படச்சுருளையே அகற்றியது. இன்று மாடர்ன் தியேட்டர்சின் முகப்பு வளைவு ஏற்காட்டுச் சாலையில் நின்று அதன் பெயரைச் சொல்கிறது. ஆபரேட்டர்களுக்கு அத்தகைய கல்லும் இல்லை. அவர்தம் அறிவு நூலில் அன்று, கையிலும் கண்ணிலும் இருந்தது. கையுடையார் மறைந்தால் அதுவும் மறையும். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இன்று வாழும் முதிய ஆபரேட்டர்களைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதி வைத்தல் இலக்கிய அமைப்புகளின் கடமையாகும். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம் அப்பணியைத் தொடங்கட்டும்.