தவளையின் கேடயம்

1980களின் நடுப்பகுதியில், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்கூடமொன்றில் மைக்கேல் சாஸ்லாஃப் என்னும் மருத்துவ ஆய்வாளர் ஆப்பிரிக்க நகத்தவளைகளை வளர்த்துவந்தார். மரபணு ஆய்வுக்கு அவற்றின் முட்டைகள் தேவைப்பட்டன. தவளையின் வயிற்றைக் கீறி முட்டைகளை எடுத்தபின், தையலிட்டு மீண்டும் தொட்டியில் விடுவது வழக்கம். தொட்டி நீரோ கிருமிகள் மலிந்தது. ஆயினும் புண்கள் சீழ் பிடிக்காமல் ஆறின. நாள்தோறும் கண்ணெதிரே நிகழ்ந்த இந்த அதிசயம் ஒருநாள் அவரை உறுத்தத் தொடங்கியது. இத்தவளைகளைக் காப்பது எது?

விடை தோலில் இருந்தது. 23 அமினோ அமிலங்கள் கோத்த இரு சிறு பெப்டைடுகளை அதிலிருந்து பிரித்தெடுத்து 1987இல் அறிவித்தார். ஹீப்ரு மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு அவற்றுக்கு மாகெய்னின் என்று பெயரிட்டார். ஸ்வீடனில் ஹான்ஸ் போமன் 1981லேயே ஒரு பட்டுப்பூச்சியினத்தின் கூட்டுப்புழுவில் இத்தகைய பொருளைக் கண்டிருந்தார். மனித வெள்ளணுக்களிலும் இவற்றின் உறவினங்கள் உண்டு. உயிர்க்குலம் முழுவதற்கும் பொதுவான தொன்மையான படைக்கலம் இது எனலாம்.

இதன் செயல்முறை எளிமையானது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வு எதிர்மின்தன்மை மிக்கது. பெப்டைடு நேர்மின்தன்மை கொண்டது. ஈர்க்கப்பட்டு ஒட்டிக்கொண்டு சவ்வைத் துளைத்துவிடுகிறது. பெனிசிலின் முதலான மருந்துகள் குறிப்பிட்ட ஒரு நொதியைத் தாக்குபவை; அந்நொதியைச் சற்றே மாற்றிக்கொண்டு கிருமி தப்பிவிடலாம். சவ்வு முழுவதையும் மாற்றியமைப்பது எளிதன்று. ஆகவே இவற்றை எதிர்க்கும் திறன் கிருமிகளிடம் தோன்றுவது அரிது என்று சாஸ்லாஃப் கருதினார்.

நடைமுறை அவ்வளவு கனிவாக இல்லை. மாகெய்னினைத் தழுவி உருவாக்கிய பெக்சிகனான் என்னும் களிம்பு, நீரிழிவு நோயாளிகளின் கால்புண்ணுக்கெனச் சோதிக்கப்பட்டது. 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதி மறுத்தது. 2016இல் முடிந்த புதிய சோதனைகளிலும் அது மருந்தில்லாத களிம்பை விஞ்சவில்லை.

இதற்கிடையே, மெக்கில் பல்கலைக்கழகத்தின் பரிணாமவியலாளர் கிரஹாம் பெல், பியர்-ஆன்றி கூயோனுடன் சேர்ந்து 2003இல் ஓர் எச்சரிக்கையை எழுதினார். இப்பெப்டைடுகளைப் பெருமளவில் பயன்படுத்தினால் கிருமிகள் அவற்றை வெல்லப் பழகும். அப்பழக்கம் நம் உடலில் இயல்பாகவே சுரக்கும் பெப்டைடுகளுக்கு எதிராகவும் திரும்பக்கூடும் என்பது அதன் சாரம். ஒரு மருந்தை இழந்தால் இன்னொன்றைத் தேடலாம். பிறப்போடு வந்த காப்பை இழந்தால்?

சாஸ்லாஃப் சவாலை ஏற்றார். பெல்லின் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாக்களைச் சிறிது சிறிதாகக் கூடும் பெக்சிகனான் அளவுகளில் வளர்த்தார்கள். 600 முதல் 700 தலைமுறைகளுக்குள் 24 வழிமரபுகளில் 22 எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டன. 2006இல் வெளியான அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் சாஸ்லாஃபும் ஒருவர். தம் நம்பிக்கையைத் தகர்த்த முடிவின்கீழ்த் தாமே கையொப்பமிட்ட இந்நேர்மையை நாம் எளிதில் கடந்துவிடலாகாது.

இன்று நம்பிக்கை நானோ துகள்களின் பக்கம் திரும்பியுள்ளது. உடலின் நொதிகள் பெப்டைடை விரைவில் சிதைத்துவிடுகின்றன. அளவு மிகுந்தால் அது நம் செல்களையே தாக்கலாம். நுண்துகளில் பொதிந்து அனுப்பினால் இவ்விரு குறைகளும் குறையக்கூடும். வெள்ளித் துகள்கள் தாமே கிருமிகளைக் கொல்பவை. ஆனால் 2018இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். மீண்டும் மீண்டும் வெள்ளித் துகள்களை எதிர்கொண்ட பாக்டீரியா, தன் நீந்திழையின் புரதமான ஃபிளாஜெலினை வெளியேற்றி அத்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச்செய்து செயலிழக்க வைத்துவிட்டது.

மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. புதிய படைக்கலங்கள் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தவளை எந்தவொரு பெப்டைடையும் தனித்து நம்பியதில்லை. பலவற்றைக் கலந்து, தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் வேளையில் மட்டுமே சுரக்கிறது. நாமோ பெனிசிலின் காலந்தொட்டு, கிடைத்த ஒவ்வொரு மருந்தையும் கைகொள்ளாமல் இறைத்தே பழகியவர்கள். தவளையிடமிருந்து கேடயத்தை எடுத்துக்கொண்டோம். அதை ஏந்தும் முறையை இன்னும் கற்கவில்லை.