கொய்யாவை வெட்டினா உள்ளே புழுவா? மருந்து அடிக்காமலே தடுப்பது எப்படி?

வெளியே பார்த்தா பழம் பளபளன்னு இருக்கும். வெட்டினா உள்ளே வெள்ளைப் புழு நெளியும். வீட்டுக் கொய்யா, மாமரங்களில் இந்தத் தொல்லைக்கு முக்கியக் காரணம் பழ ஈ.

புழு உள்ளே போவது எப்படி?

காய் முற்றும் நேரத்தில் பெண் ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். ஓரிரு நாளில் புழு பொரிந்து சதையைத் தின்ன ஆரம்பித்துவிடும். அதன்பிறகு வெளியே மருந்து அடித்தும் பெரிய பலன் இல்லை. பறித்தவுடன் சாப்பிடும் பழத்தில் மருந்து தங்குவதுதான் மிச்சம்.

என்ன செய்யலாம்?

* உறை போடுங்க: காய் முற்றும் முன்பே பேப்பர் கவர் அல்லது துணிப்பையால் மூடி, காம்பில் கட்டிவிடுங்கள்.

* விழுந்த பழத்தை விடாதீங்க: இதுதான் ரொம்ப முக்கியம். பழத்திலிருந்து வெளியேறும் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடியும் ஈயாக வரும். தினமும் பழங்களைப் பொறுக்கி, பாலிதீன் பையில் இறுகக் கட்டி, சில நாள் வெயிலில் வையுங்கள். அப்படியே உரக்குழியில் கொட்டக்கூடாது.

* மண்ணைக் கிளறுங்க: மரத்தடியை லேசாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலில் காயும், கோழிகளும் கொத்தித் தின்னும்.

* பொறி வைக்கலாம்: மெத்தில் யூஜினால் பொறி ஆண் ஈக்களைத்தான் இழுக்கும். முட்டையிடும் பெண் ஈக்கள் சிக்காது என்பதால், பொறி மட்டும் போதாது.

பழ ஈக்கு மதில்சுவர் ஒரு தடையே இல்லை. பக்கத்து வீட்டு மரத்தடியும் சுத்தமாக இருந்தால்தான் உங்க வீட்டுப் பழம் தப்பிக்கும்.